ஃபெட் சிமுலேஷன்கள்: வகுப்பறையில் கைகொடுக்கும் இடமும் காலைவாரும் இடமும்

அறிவியல் வகுப்புக்கு இலவசக் கருவி ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது நிபந்தனை போட்டால், தயங்காமல் ஃபெட்டைத் (PhET) தேர்ந்தெடுக்கலாம். சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் சிமுலேஷன்களின், அதாவது கணினி மாதிரிகளின், தொகுப்பு இது. சுவரை அடைக்கும் தொடுதிரை, தலைக்கு மாட்டும் மெய்நிகர் கண்ணாடி, ஆளுக்கொரு டேப்லெட் எல்லாம் இருந்தால் நல்லதுதான். ஆனால் அவற்றில் ஓடுவதற்கு உருப்படியாக ஏதும் இல்லாவிட்டால் விலையுயர்ந்த கரும்பலகையாகவே அவை நின்றுவிடும். ஃபெட் பழைய லேப்டாப்பிலும் ஓடும், மங்கலான புரொஜெக்டரிலும் ஓடும். இணையம் இல்லாத அறையிலும் ஓடும். அதற்காக எல்லாப் பாடத்துக்கும் இது மருந்து என்று நினைக்க வேண்டாம். சில சிமுலேஷன்கள் அபாரம், சில சுமார், சிலவற்றை அப்படியே கொடுத்தால் மாணவர் தப்பான படம் ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டு எழுந்து போவார்.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக போல்டர் வளாகத்தில் 2002இல் இத்திட்டத்தைத் தொடங்கியவர் கார்ல் வீமன். 2001ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர். முதலில் இயற்பியலுக்கு மட்டும் இருந்தது, பிறகு வேதியியல், உயிரியல், புவி அறிவியல், கணிதம் என விரிந்தது. ஆனாலும் தொடங்கிய இடத்தின் வாசனை போகவில்லை. இயற்பியலும் வேதியியலும்தான் இதன் பலம்.

முதலில் நிறுவும் வேலை. ஒவ்வொரு சிமுலேஷனும் தனித்தனி ஹெச்டிஎம்எல் கோப்பு. அளவு சில எம்பிதான். அந்தந்த சிமுலேஷனின் பக்கத்தில் டவுன்லோடு பொத்தான் இருக்கும். இறக்கிய கோப்பைப் பென்டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும் இருமுறை சொடுக்கினால் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எதிலும் திறந்துகொள்ளும். கணக்குத் தொடங்க வேண்டாம், மாணவர் பெயர், மின்னஞ்சல் எதுவும் கொடுக்க வேண்டாம். குழந்தைகளின் தகவலைக் கேட்டு நச்சரிக்கும் செயலிகள் மலிந்த காலத்தில் இது சிறிய விஷயமில்லை. வகுப்புக்கு முந்தைய நாளே வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். டவுன்லோடு பாதியில் நின்றிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஒரு சிக்கல் வரும். சில ஃபைல் மேனேஜர்கள் கோப்பைத் தங்களுடைய சொந்தக் காட்சியகத்தில் திறந்து வெள்ளைத் திரையைக் காட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அழுத்திப் பிடித்து, 'இதில் திறக்க' என்பதில் குரோமைத் தேர்ந்தெடுத்தால் ஓடும். ஐபேடில் அந்த வழியும் இல்லை. கோப்புகள் செயலி காட்டும் முன்னோட்டத்தில் ஜாவாஸ்கிரிப்ட் இயங்காது. அங்கே ஆசிரியரின் லேப்டாப்பையே சர்வராக மாற்றலாம். பைத்தான் நிரல்மொழி நிறுவியிருந்தால் ஒற்றை வரிக் கட்டளையில் ஒரு கோப்புறையை வைஃபை வழியாகப் பகிரலாம். கட்டளை என்றாலே அலர்ஜி என்பவர்களுக்குக் கிவிக்ஸ், கொலிப்ரி என்று இணையமில்லாமல் பாடங்களைத் திறக்க உதவும் இரண்டு மென்பொருள்கள் உண்டு. இரண்டிலும் ஃபெட் தொகுப்பு கிடைக்கிறது. ஒரே கணினியில் ஏற்றி வைத்துவிட்டால், அதே வைஃபையில் உள்ள கருவிகள் எல்லாம் பிரவுசரில் அதைத் திறந்துகொள்ளலாம்.

இந்த ஏற்பாடு தகராறு செய்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். லேப்டாப்பின் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் தொடர்பைத் தடுத்திருக்கும், அல்லது மாணவர் கருவிகள் விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கும். விருந்தினர் வைஃபையில் பல ரூட்டர்கள் ஒரு கருவியை இன்னொரு கருவியோடு பேச விடுவதில்லை. இணையம் நன்றாக வருகிறதே, பக்கத்து லேப்டாப் மட்டும் ஏன் தெரியவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன் இதைப் பாருங்கள்.

திரை விகிதத்தையும் கவனிக்க வேண்டும். சிமுலேஷன்கள் அகலமான சட்டத்துக்காக அமைக்கப்பட்டவை. பழைய 4:3 புரொஜெக்டரில் மேலும் கீழும் இடம் வீணாகி எழுத்து சுருங்கிவிடும், கடைசி வரிசைக்கு எண்கள் தெரியாது. கன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்திப் பெரிதாக்கி, வேண்டிய பகுதியை மட்டும் காட்டலாம். கறுப்புப் பின்னணி கொண்ட சிலவற்றில் அமைப்புகளுக்குள் புரொஜெக்டர் பயன்முறை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் பின்னணி வெள்ளையாகும். வெளிச்சம் நிறைந்த அறையில் அது இல்லாமல் துகள்கள் கண்ணுக்கே தெரியாது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஃபெட்டின் மகுடம் சர்க்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட்: டிசி. கம்பி, பேட்டரி, பல்பு, மின்தடை, சுவிட்ச், கூடவே நாணயம், அழிப்பான், பென்சில் போன்ற பொருட்கள். எல்லாவற்றையும் இழுத்து இழுத்துக் கோக்கலாம். இன்ட்ரோ, லேப் என இரண்டு திரைகள். சுற்று மூடியதும் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக நகரும். ஒரு பொத்தானில் அதையே மரபு மின்னோட்டத்தின் அம்புக்குறியாக மாற்றலாம். இன்னொரு பொத்தானில் பொருட்படம் அப்படியே சுற்றுப்படக் குறியீடாக மாறும். பல்பின் படமும் வட்டத்துக்குள் போட்ட குறியும் ஒன்றுதான் என்று விளக்க வாய் வலிக்கப் பேச வேண்டாம்.

பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்பதுதான் தொடக்க அமைப்பு. மாற்றாமல் அப்படியே விடுங்கள், கணக்கு எளிது. ஒரு பல்பு போட்டால் 0.9 ஆம்பியர். இப்போது இரண்டாவது பல்பைத் தொடராக இணைக்கும் முன் கேள்வி: எந்தப் பல்பு அதிகம் ஒளிரும்? எந்த வகுப்பிலும் ஒரு கூட்டம், பேட்டரிக்கு முதலில் வரும் பல்புதான் என்று சொல்லும். மின்னோட்டத்தை முதல் பல்பு கொஞ்சம் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்புகிறது என்பது அவர்களின் கணக்கு. புத்தகத்தில் 'தொடரிணைப்பில் மின்னோட்டம் மாறாது' என்ற வரியை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்களும் இதே பதிலைச் சொல்வார்கள். இணைத்துக் காட்டினால் இரண்டும் ஒரே அளவு மங்கலாக எரியும். அம்மீட்டர் இரண்டு பக்கமும் 0.45 காட்டும், உருண்டைகள் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நகரும். தின்னப்பட்டது எங்கே என்று தேட ஆரம்பிப்பார்கள். பாடம் தொடங்கும் இடம் அதுதான்.

அடுத்த படி திறன் கணக்கு. தனியாக எரிந்தபோது 8.1 வாட். தொடரில் ஒவ்வொன்றும் 2.025 வாட், அதாவது நான்கில் ஒரு பங்கு. பாதியாகும் என்று ஊகித்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். மின்னழுத்தமும் பாதி, மின்னோட்டமும் பாதி என்பதை அவர்கள் வாயாலேயே வரவழைக்கலாம்.

பக்க இணைப்புக்குப் போனால் வேறொரு நம்பிக்கை உடையும். பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும், அதைப் பல்புகள் பங்கு போட்டுக்கொள்ளும் என்று நினைப்பவர், ஒவ்வொன்றுக்கும் 0.45 வரும் என்பார். ஆனால் ஒவ்வொன்றிலும் 0.9 ஓடும், பேட்டரி 1.8 தரும். மூன்றாவது பல்பு சேர்த்தால் 2.7. பேட்டரி நிலையாக வைத்திருப்பது மின்னழுத்தத்தைத்தான், மின்னோட்டத்தை அல்ல என்று புரிய இதைவிடக் குறுக்குவழி கிடையாது. லேப் திரையில் ஃப்யூஸை 4 ஆம்பியருக்கு அமைத்துப் பேட்டரியோடு தொடராக வைத்துவிட்டு, பல்புகளைப் பக்கவாட்டில் ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நான்காவது வரை 3.6, தாங்கும். ஐந்தாவது சேர்ந்தால் 4.5, அறுந்துவிடும். எத்தனையாவது பல்பில் அறும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொன்னால் வகுப்பே கணக்குப் போடும்.

இதெல்லாம் நிஜக் கம்பியிலும் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அங்கே எலக்ட்ரான் தெரியாது, தளர்ந்த இணைப்பு ஒன்று பாதி நேரத்தைத் தின்றுவிடும், ஐந்து குழுக்களில் இரண்டில் பல்பு செத்திருக்கும். 2005இல் வெளியான ஓர் ஆய்வு இந்த விஷயத்தை நேரடியாகச் சோதித்தது. கல்லூரித் தொடக்கநிலை இயற்பியல் மாணவர்களில் ஒரு பகுதியினர் இதே சுற்று சிமுலேஷனின் பழைய வடிவத்திலும், மற்றவர்கள் நிஜப் பல்பு, கம்பிகளிலும் செய்முறை செய்தார்கள். சிமுலேஷனில் பயின்றவர்கள் கருத்துக் கேள்விகளில் மட்டுமல்லாமல், பிறகு நிஜச் சுற்றைக் கட்டி விளக்குவதிலும் முந்தினார்கள். இதை வைத்து ஆய்வகப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட வேண்டாம். அது ஒரு பாடம், ஒரு வகை மாணவர்கள், கவனமாக எழுதிய செய்முறைத் தாள். கருத்தைப் பிடிப்பதற்கு முன் கம்பியோடு மல்லுக்கட்டுவது உதவாது என்பதே அதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது.

சிமுலேஷன் மறைக்கும் விஷயங்களும் இருக்கின்றன. நிஜப் பல்புக்கு இரண்டு முனைகள்: அடியில் உள்ள புள்ளியும் பக்கவாட்டு உலோக உறையும். இரண்டு கம்பியையும் அடியிலேயே தொட வைத்துவிட்டு எரியவில்லையே என்று விழிப்பது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. திரையில் கம்பியின் முனையைக் கொண்டுபோனால் சரியான இடத்தில் தானே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிழையைச் செய்யவே வாய்ப்பில்லை, திருத்திக்கொள்ளவும் வாய்ப்பில்லை.

இன்னும் பெரிய வேறுபாடு பேட்டரியில். சிமுலேஷனின் பேட்டரிக்குத் தொடக்கத்தில் அகமின்தடை இல்லை. அதனால் பக்கத்தில் எத்தனை பல்பு சேர்த்தாலும் முதல் பல்பு மங்காது. மேசையில் கொஞ்சம் பயன்படுத்திய உலர் மின்கலத்தை வைத்துச் செய்தால் மங்கும். கூர்மையான மாணவர் உடனே, 'கணினி பொய் சொல்லுது' என்பார். அந்த நொடியை வீணாக்காதீர்கள். லேப் திரையில் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்தால் அகமின்தடைக்கு ஒரு நழுவி இருக்கிறது. 5 ஓமுக்கு நகர்த்துங்கள். ஒற்றைப் பல்பில் மின்னோட்டம் 0.6 ஆம்பியருக்கு இறங்கும், பேட்டரியின் முனைகளில் 6 வோல்ட்தான் இருக்கும். இரண்டாவது பல்பைப் பக்கத்தில் சேர்த்தால் முனைகளில் 4.5 வோல்ட், ஒவ்வொரு பல்பிலும் 0.45 ஆம்பியர். மங்கல் வந்துவிட்டது. மேசையில் கண்டது பிழையல்ல, மாதிரியில் ஒரு பொருள் விடுபட்டிருந்தது என்று மாணவரே கண்டுபிடிப்பார். மாதிரி என்றால் என்ன என்று இதைவிட நன்றாகச் சொல்லித்தர முடியுமா தெரியவில்லை.

சாதாரணப் பல்பின் 10 ஓம் எந்த நிலையிலும் மாறாது என்பதையும் நினைவில் வையுங்கள். நிஜ டங்ஸ்டன் இழை சூடானால் மின்தடை பல மடங்கு ஏறும். ஆகவே நிஜப் பல்புகளைத் தொடராக இணைத்து அளந்தால் மின்னோட்டம் சரிபாதியாகக் குறையாது, பாதிக்கு மேலேயே நிற்கும். அளவீடு பொருந்தவில்லை என்று மாணவரை மீண்டும் மீண்டும் செய்யச் சொல்லி வதைக்க வேண்டாம். ஒப்பிட்டுக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் பல்புக்குப் பதில் மின்தடையை வைத்து அளக்கச் செய்யுங்கள், எண்கள் ஒத்துப்போகும்.

எலக்ட்ரான் உருண்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவை பெரிதாக, இடைவெளி விட்டு, விறுவிறுவென ஓடுகின்றன. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர்தான். இதைச் சொல்லாமல் விட்டால், சுவிட்சிலிருந்து பல்புவரை எலக்ட்ரான் பாய்ந்து போய்த்தான் விளக்கு எரிகிறது என்ற எண்ணம் ஆணியடித்துக்கொள்ளும். சிமுலேஷனையே சாட்சியாக்கலாம்: சுவிட்சைப் போட்டதும் சுற்றின் எல்லா இடத்திலும் உருண்டைகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன, பல்பின் அருகில் ஏற்கெனவே உருண்டைகள் இருக்கின்றன. அங்கே திரையை நிறுத்திக் காட்டுங்கள்.

இதே கிட்டில் விர்ச்சுவல் லேப் என்று இன்னொரு வகை உண்டு. வழக்கமான பதிப்பில், கம்பியின் மேல் காட்டினாலே மின்னோட்டத்தைச் சொல்லும் தொடாத அம்மீட்டரும் இருக்கும். வேகமாகப் பார்க்க வசதி, ஆனால் அம்மீட்டரைச் சுற்றை வெட்டித் தொடராக இணைக்க வேண்டும் என்ற பழக்கம் வராது. தேர்வுக்கோ நிஜ ஆய்வகத்துக்கோ தயார் செய்வதென்றால் விர்ச்சுவல் லேப் பதிப்பைக் கொடுங்கள். அதில் தொடராக இணைக்கும் அம்மீட்டர் மட்டும்தான்.

வகுப்பில் ஓட்டும் முறை பற்றி. முதல் ஐந்து நிமிடம் எதுவும் சொல்லாமல் விளையாட விடுங்கள். பேட்டரிக்குத் தீப்பிடிக்க வைப்பார்கள் (குறுக்குச் சுற்றில் தீ எரியும் படம் வரும்), பொருட்களுக்கு இடையே இருக்கும் நாய்க்குக் கம்பி கொடுப்பார்கள், சத்தம் வரும். அந்த ஆசை தீர்ந்தால்தான் பிறகு வேலை நடக்கும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் ஆசிரியர்தான் நாற்பது நிமிடமும் 'அதைத் தொடாதே' என்று கத்திக்கொண்டிருப்பார். பிறகு கேள்வி, எழுத்தில் கணிப்பு, அதற்குப் பின்பே சோதனை. கணிப்பைத் தாளில் எழுதாமல் சோதனைக்குப் போனால், விடை தெரிந்ததும் எல்லோரும் 'அதைத்தான் நானும் நினைச்சேன்' என்று சொல்லிவிடுவார்கள். கற்றலுக்கு வேண்டிய உறுத்தல் அங்கே காணாமல் போகும்.

செய்முறைத் தாளில் '9 வோல்ட் வைக்கவும், சுவிட்சை மூடவும், அம்மீட்டர் அளவைக் குறிக்கவும்' என்று படிப்படியாக எழுதித் தருவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். மாணவர் தாளைப் பார்ப்பார், திரையைப் பார்க்க மாட்டார். 'ஒரு பல்பு பிரகாசமாகவும் இரண்டு பல்பு மங்கலாகவும் எரியும்படி ஒரு சுற்றைக் கட்டு' என்று இலக்கு மட்டும் கொடுங்கள். மூன்று பல்பில் இதைச் செய்யக் குறைந்தது இரண்டு வழி உண்டு. எந்தக் குழு எந்த வழியில் போகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தால் யாருக்கு எங்கே புரியவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

கருவிக்கு இருவர் போதும். மூன்றாமவர் எப்போதும் வேடிக்கை பார்ப்பவராக மாறுவார். ஒரே ஒரு புரொஜெக்டர்தான் என்றாலும் கவலையில்லை. நான்கு விடைகள் கொடுத்து, விரல்களை நெஞ்சருகே வைத்துக் காட்டச் சொல்லுங்கள், பக்கத்திலிருப்பவர் பார்த்து மாற்ற முடியாது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இங்கே அருமையாகப் பொருந்தும்: கேள்வி, தனி வாக்கு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறு வாக்கு. முதல் வாக்கில் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் விவாதம் சூடுபிடிக்கும். அதற்குக் கீழே என்றால் பாடத்தை மறுபடி சொல்ல வேண்டும், மேலே என்றால் அடுத்த கேள்விக்கு நகரலாம். சிமுலேஷனை மறு வாக்குக்குப் பிறகு மட்டும் இயக்குங்கள். முன்னாடியே காட்டினால் அது வெறும் படக்காட்சி.

சுற்று கிட்டைத் தவிர மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். பேலன்சிங் கெமிக்கல் ஈக்வேஷன்ஸ் சமன்பாட்டைச் சமன் செய்யப் பழகுவதற்கு. அம்மோனியா உருவாதல், நீர் பிரிதல், மீத்தேன் எரிதல் என மூன்று வினைகள், பிறகு மூன்று நிலைகள் கொண்ட விளையாட்டு. கெழுவை மாற்ற மாற்ற மூலக்கூறுகள் எண்ணிக்கையில் கூடிக் குறையும், தராசும் பட்டை வரைபடமும் அணுக்களை எண்ணிக் காட்டும். கெழுவை ஏற்றினால் மூலக்கூறு முழுதாக ஒன்று கூடுகிறது, உள்ளே இருக்கும் சிறு எண் மாறுவதில்லை என்று கண்ணுக்குத் தெரிவது இதன் பெரும் பயன். எல்லாக் கெழுவையும் இரட்டிப்பாக்கிச் சமன் செய்தால், சமன்தான், ஆனால் எளிய வடிவம் இல்லை என்று சொல்லும் கண்டிப்பும் உண்டு. ஓட்டை ஒன்று: அம்புக்குறியை அமுக்கிக்கொண்டே போனால் எப்படியாவது சிரித்த முகம் வந்துவிடும், யோசிக்கத் தேவையில்லை. மாணவர் தாளில் கெழுக்களை எழுதிய பிறகே மவுஸைத் தொட வேண்டும் என்ற விதி இல்லாமல் இதைக் கொடுக்கவே கூடாது.

பெண்டுலம் லேப் சுத்தமான கருவி. ஊசலின் நீளம் 1 மீட்டர் வரை, நிறை, ஈர்ப்பு, உராய்வு எல்லாம் மாற்றலாம். பூமியில் 1 மீட்டர் ஊசலுக்கு அலைவு நேரம் ஏறத்தாழ 2 நொடி, 25 சென்டிமீட்டருக்கு 1 நொடி. நீளம் நான்கில் ஒன்று, நேரம் பாதி. பாடநூல் சூத்திரம் சிறிய கோணத்துக்கு மட்டுமே என்ற அடிக்குறிப்பை இங்கே சோதிக்கலாம். 10 பாகையில் விட்டால் 2.01 நொடி, 90 பாகையில் விட்டால் 2.37 நொடி. சூத்திரத்தை அச்சடித்துக் காட்டும் பொம்மை இல்லை, இயக்கச் சமன்பாட்டையே தீர்த்து ஓட்டுகிறது. ஈர்ப்பு மதிப்பைச் சொல்லாமல் 'கோள் எக்ஸ்' என்றும் ஒன்று இருக்கிறது. அதன் ஈர்ப்பைக் கண்டுபிடி என்பது ஒரு முழு வகுப்புக்கான வேலை.

கேஸ் ப்ராப்பர்டீஸ் மேல்நிலை வகுப்புக்கு நல்லது. துகள்களைப் பம்பு செய்து, சூடாக்கி, கொள்ளளவைக் குறைக்கலாம். அழுத்தம் எல்லை மீறினால் மூடி பறந்துவிடும். ஸ்டேட்ஸ் ஆஃப் மேட்டர் கீழ்வகுப்புக்கு. சூடாக்கினால் துகள்களே வீங்கும் என்ற பரவலான எண்ணத்துக்கு மாற்று, ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஃபிராக்‌ஷன்ஸ்: இன்ட்ரோ பின்னங்களுக்குப் பரவாயில்லை, காகிதத்தை மடித்தும் அதே பயனைப் பெறலாம். உயிரியலில் நேச்சுரல் செலக்‌ஷன் மட்டும் குறிப்பிடத்தக்கது. உடலியல், செல் அமைப்பு என்று தேடினால் ஏமாற்றம்தான். வடிவியலுக்கும் வரைபடங்களுக்கும் ஃபெட் பக்கம் வரவே வேண்டாம். சால்ஸ்பர்க்கில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் தொடங்கிய ஜியோஜீப்ரா அதற்கு எவ்வளவோ மேல்.

குறைகள் என்று பார்த்தால், முதலாவது அளவீடுகள் அநியாயத்துக்குச் சுத்தம். வோல்ட்மீட்டர் எத்தனை முறை வைத்தாலும் அதே 4.50. பிழை, சராசரி, மறு அளவீடு என்ற பழக்கங்களைச் சிமுலேஷனில் கற்பிக்க முடியாது. கேஸ் ப்ராப்பர்டீஸில் அழுத்தமானியின் அளவு கொஞ்சம் நடுங்கும், அதையும் அமைப்புகளில் நிறுத்திவிடலாம். இங்கே சொன்ன மற்றவற்றில் அதுகூட இல்லை. சிமுலேஷனில் எடுத்த எண்களைச் செய்முறை ஏட்டில் நிஜ அளவீடாக எழுத அனுமதிக்கும் ஆசிரியர், அறிவியலின் பாதியை வெட்டி எறிகிறார்.

இரண்டாவது, கட்டிய சுற்றைச் சேமிக்க இலவசப் பதிப்பில் வழியில்லை. பக்கத்தைத் தற்செயலாகப் புதுப்பித்தால் எல்லாம் போச்சு. கீழ் வலது மூலையில் உள்ள ஆரஞ்சு நிற மீட்டமைப்புப் பொத்தானும் அதே வேலையைக் கேட்காமல் செய்துவிடும், 'நிச்சயமா?' என்று ஒரு கேள்வி கிடையாது. மெனுவில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு குழுவும் ஒரு கட்டம் முடிந்ததும் படமெடுத்து வைக்கட்டும். எந்த மாணவர் என்ன செய்தார் என்று ஆசிரியர் தன் திரையில் பார்க்கும் வசதியும் இல்லை, நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

போனில் ஓடும். ஆனால் சுற்று கிட் போன்றவற்றில் சிறிய திரையில் கம்பி முனையைப் பிடித்து இழுப்பது கண்ணாமூச்சி ஆட்டம். விரல் கம்பியை மறைக்கும், பக்கத்து முனையோடு தப்பாக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் அந்தச் சந்திப்பைத் தொட்டதும் தோன்றும் கத்தரிக்கோல் குறியை அழுத்தி வெட்டலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாதவர்கள் முழுச் சுற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். பெண்டுலம், சமன்பாடு போன்றவை போனைப் படுக்கை வசமாகப் பிடித்தால் தாராளமாகப் போதும்.

தமிழில் பல சிமுலேஷன்கள் கிடைக்கின்றன. தன்னார்வலர்கள் மொழிபெயர்ப்பவை என்பதால் எல்லாமே தமிழில் இருக்காது. வகுப்புக்கு முன் தமிழ்ப் பதிப்பைத் திறந்து, அதிலுள்ள கலைச்சொற்கள் உங்கள் பாடநூலோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மாறுபட்டால் இரண்டையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தால் போதும்.

தளத்தில் தேடும்போது பழைய ஜாவா சிமுலேஷன்களும் கண்ணில் படும். 2020 முடிவில் ஃபிளாஷ் ஓய்ந்துபோனதைப் போல ஜாவாவும் பிரவுசர்களிலிருந்து விலகிவிட்டது. அவற்றில் சிலவற்றை இடைமென்பொருள் வழியாகப் பிரவுசரில் ஓட்டத் தந்திருக்கிறார்கள், ஆனால் திறக்கவே நேரம் எடுக்கும், டேப்லெட்டில் நம்ப முடியாது. தேடலில் ஹெச்டிஎம்எல்5 என்று வடிகட்டிக்கொள்ளுங்கள். பல சிமுலேஷன்களுக்கு 'ஆசிரியர் குறிப்புகள்' என்ற சிறிய பிடிஎஃப் இருக்கும். மாதிரியில் எதை எளிமைப்படுத்தியிருக்கிறார்கள், மாணவர் எங்கே தடுமாறுவார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு, பெரும்பாலோர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மற்ற ஆசிரியர்கள் பகிர்ந்த செய்முறைத் தாள்களை இறக்க இலவச ஆசிரியர் கணக்கு வேண்டும். அவற்றின் தரம் ஏற்ற இறக்கம், பாதிக்கு மேல் மேலே சொன்ன படிப்படி வகைதான்.

கடைசியாக ஒரு பராமரிப்பு வேலை. டவுன்லோடு செய்த கோப்பு தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. தளத்திலோ பிழைகள் திருத்தப்படும், புதிய வசதிகள் சேரும், பொத்தான்கள் இடம் மாறும். கல்வியாண்டு தொடங்கும்போது பயன்படுத்தும் ஏழெட்டுக் கோப்புகளையும் புதிதாக இறக்கி, பழையவற்றை எல்லாக் கணினிகளிலிருந்தும் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியர் திரையில் ஒரு பதிப்பும் மாணவர் திரையில் இன்னொரு பதிப்பும் ஓடும், 'அந்தப் பொத்தான் எங்ககிட்ட இல்லையே' என்ற குரல் நாலா பக்கமும் வரும்.